கச்சான் தோட்டத்துக் கொலைக்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு கிராமத்தில் நடப்பதாக ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதி வருகிறேன். அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டோக்கொப்பியில் கைமாறுகிறது. தேத்தண்ணிக் கடை, கோயிலடி, கலியாண வீட்டுப் பந்தல், எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். வாசித்தவர்களைவிட வாசிக்காதவர்கள்தான் கூடக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஊரின் பெயரைக் கதையில் சொல்லவில்லை, ஆட்களும் கற்பனை. யாருடைய வீட்டையும் தேடிப் போக வேண்டாம்.

இது என்ன கதை? சுருக்கமாச் சொல்லுங்கோ.

2022 ஆவணி மாதம். கச்சான் (நிலக்கடலை) தோட்டத்து ஓரத்தில் ஒரு பெரியவர் செத்துக் கிடக்கிறார். பன்றிக்குக் கட்டின கரண்ட் கம்பியில் கால் பட்டுவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. வன்னியில் அப்படிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் யாரும் இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. அவருடைய தண்ணி இறைக்கிற மெசினை வழக்கமாகத் திருத்துகிற சீலன் மட்டும் நம்பவில்லை.

சீலனோடு சேர்ந்து அலைகிறவன் யோகன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் எண்ணெய் நிலையத்தில் வேலை செய்கிறான். விசாரணை ஒரு பக்கம் போக, இந்த இரண்டு ஆண்களுக்கும் இடையில் மெல்ல மெல்ல ஒன்று வளர்கிறது. அது காதல்தான். நல்ல நட்பு என்று நினைத்து வாசித்துக்கொண்டிருப்பவர்கள் ஐந்தாம் அத்தியாயத்தை இன்னொருக்கால் வாசிக்கவும்.

மெசின் திருத்துறவனுக்கு ஏன் இந்த வேலை? பொலிஸ் என்னத்துக்கு இருக்கு?

பொலிஸ் வருகிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார், உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகிறது, மின்சாரம் தாக்கிய மரணம் என்று அறிக்கை வருகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. மின்சாரம்தான் கொன்றது. எங்கே, எப்போது, யார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்கிறவர் சாட்சி சொல்ல வேண்டும், வாக்குமூலம் கொடுக்க வேண்டும், பல இடங்களில் அதைச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள், விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். அதோடு நீதிமன்றத் தவணை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் அலைவார்?

சீலனைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மெசின் திருத்துகிறவன் எந்த வளவுக்குள்ளும் போகலாம். கிணற்றடி வரைக்கும் போவான், குனிந்திருந்து வேலை செய்வான், வீட்டுக்காரர் அவனை மறந்துபோய்த் தங்கள் பாட்டுக்குக் கதைப்பார்கள். துப்பறிகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

அவன் அப்பிடி என்னத்தைக் கண்டவன்?

முதல் துப்பு மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிட்டதால் சொல்லலாம். மண்ணெண்ணெய் மெசினை நேரே மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் பண்ண முடியாது. கொஞ்சப் பெற்றோலில் ஓடவிட்டு, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும்போது பக்குவமான ஆள் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றி, அதில் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவார். இல்லையென்றால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும், அடுத்த நாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

செத்த பெரியவர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். பெற்றோலைப் பாணி மருந்துப் போத்தில் ஒன்றில் ஊற்றி, மூடியை இறுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர். சாவீட்டுக்குப் போன சீலன் சும்மா கை பரபரத்துக் காபரேட்டரின் அடி நட்டைக் கழற்றிப் பார்க்கிறான். விரலை நனைத்து மணந்தால் மண்ணெண்ணெய். நிறுத்தும்போது விட வேண்டிய பெற்றோல் போத்திலில் அப்படியே கிடக்கிறது. மெசினை நிறுத்தியது பெரியவர் இல்லை.

சரி, வன்னியில இப்பிடியான ஆக்கள் இருக்கினமோ? இது வெளிநாட்டு விசயமெல்லோ?

இருக்கிறார்கள். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டுக் கிடந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட இப்படி இல்லை என்று யாராவது சத்தியம் பண்ணுவார்களா? கண்ணில் படாதது அவர்கள் இல்லாததால் அல்ல. நாங்கள் பார்க்காமல் விடப் பழகிவிட்டோம், அவர்கள் காட்டாமல் விடப் பழகிவிட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தது எது என்று கேட்டால், தண்டனைச் சட்டக்கோவை. அது 1883 இல் வெள்ளைக்காரன் போட்டது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

இதைக் கொழும்பில நடக்கிற மாதிரி எழுதியிருக்கலாமே? அங்க அவைக்குச் சுகம்.

கொழும்பில் அறை வாடகைக்கு எடுத்து இருவரையும் உள்ளே விட்டால் காதல் நாலாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். கொலை மட்டும் மிஞ்சும்.

எனக்கு இந்த ஊர்தான் வேண்டும். சந்திக்கு யார் மோட்டார் சைக்கிளில் போனாலும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லும் ஊர் இது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கொலையை மறைப்பதும் கஷ்டம், ஒரு விருப்பத்தை மறைப்பதும் கஷ்டம். ஆனாலும் இரண்டும் மறைந்தே கிடக்கின்றன. எப்படி என்று யோசித்தபோதுதான் கதையே வந்தது.

ஏன் இவ்வளவு மெதுவாப் போகுது? பன்னிரண்டு அத்தியாயம் வந்திட்டுது, இன்னும் கையைக்கூடப் பிடிக்கேல்லை!

கையை முதலாம் அத்தியாயத்திலேயே பிடித்தாயிற்று. சாவீட்டில் இருந்து திரும்பும்போது இருவரும் கை கோத்துக்கொண்டுதான் ஒழுங்கையால் நடக்கிறார்கள். நீங்கள் கவனிக்கவில்லை. ஊரும் கவனிக்கவில்லை. பெடியள் கை கோத்து நடப்பதும், தோளில் கை போடுவதும், ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போவதும் இங்கே யாருக்கும் புதினமில்லை.

அதுதான் இவர்களுடைய சிக்கல். மடுத் திருவிழாவுக்குப் போன இரவு மரத்தடியில், சனத்துக்கு நடுவில், இருவரும் ஒரே பாயில் படுக்கிறார்கள். பக்கத்துப் பாயில் ஒரு தகப்பனும் மூன்று பெடியளும், அதற்கு அடுத்த பாயில் யாரோ இரண்டு கிழவர்கள். எல்லோரும் அப்படித்தான் படுத்திருக்கிறார்கள். சீலன் விடியும் வரை நித்திரை கொள்ளவில்லை. யோகனின் கை தன் நெஞ்சில் விழுந்து கிடப்பதற்கு அர்த்தம் உண்டா, இல்லை நித்திரையில் விழுந்ததா? கம்பியையும் காபரேட்டரையும் பார்த்து ஆளைச் சொல்லக் கூடியவனுக்கு இது பிடிபடவில்லை. எல்லாம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் எதுவும் துப்பாகாது.

ஆகவே அவன் வேறு அடையாளங்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் மட்டும் தேவைப்பட்ட இரண்டாவது ஹெல்மெட் ஏன் இன்னும் யோகனின் மோட்டார் சைக்கிளிலேயே தொங்குகிறது? தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று தான் எப்போதோ சொன்னதை இவன் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறான்? இப்படிச் சேர்க்கச் சேர்க்க நேரம் எடுக்கும்தானே.

சீலனுக்கு முப்பத்திரண்டு வயதாகுது. வீட்டில கலியாணம் பேசேல்லையோ?

பேசாமல் விடுவார்களா? செவ்வாய் தோஷம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தாய்க்குச் சாத்திரத்தில் நம்பிக்கை, சீலனுக்குச் சாத்திரியாரோடு நல்ல பழக்கம், சாத்திரியார் வீட்டு மெசின் எப்போதும் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

யோகன் கலியாணம் முடிச்சவன். அந்தப் பிள்ளைக்குச் செய்யிறது துரோகமெல்லோ?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது, கோபம் நியாயம். யோகனுக்குப் பதினெட்டு வயதில், 2007 இல், அவசர அவசரமாகக் கலியாணம் நடந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கத்துக்கு ஆள் பிடித்த நேரம், தாலி கட்டினால் தப்பலாம் என்று பெற்றோர் பிள்ளைகளைச் சோடி சேர்த்தார்கள். பள்ளிக்கூடச் சீருடை மாற்றாத பிள்ளைகள் மாலை மாற்றின காலம். யோகனுக்கு அதுவும் ஒரு வருசத்துக்குத்தான் உதவியது. கடைசியில் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு. இன்றைக்கும் மாதத்தில் ஒருநாள் சிவில் உடுப்பில் யாராவது வந்து, எங்கே வேலை, யாரோடு பழக்கம் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

மனிசி உயிரோடு இருக்கிறாள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், பதின்மூன்று வயதில் மகள் இருக்கிறாள். அவளை யுத்தத்தில் சாகடித்திருந்தால் கதை இலேசாகியிருக்கும் என்று எனக்கு நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. முள்ளிவாய்க்காலை என் கதாநாயகனுக்கு வழி விடுவதற்குப் பாவிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவளும் அந்தக் கலியாணத்துக்குள் தள்ளப்பட்டவள்தான். கதையில் மிகக் கூர்மையான கண் அவளுடையது. சீலன் துப்பறிகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பதினான்காம் அத்தியாயத்தில் அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்கிற கேள்வியைப் பாருங்கள்: "சீலன் அண்ணை, நீங்கள் இவரைக் கூட்டிக்கொண்டு திரியிறது கொலைகாரனைத் தேடவோ?" சீலனிடம் பதில் இல்லை. துரோகமா என்ற உங்கள் கேள்விக்கு அவள்தான் பதில் சொல்வாள், நான் முந்திக்கொள்ள மாட்டேன்.

ஏன் 2022? அந்தக் கஷ்டத்தைத் திரும்ப ஞாபகப்படுத்தவோ?

பொருளாதார நெருக்கடி வந்த அந்த வருசம் துப்பறியும் கதைக்கு வரமாக வந்தது, நாட்டுக்குச் சாபம் என்றாலும். எதுவும் தாராளமாக இல்லாதபோது ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு இருக்கும். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். மண்ணெண்ணெய் 87 ரூபாயாக இருந்தது ஆவணியில் ஒரே இரவில் 340 ஆனது, அதுவும் கிடைத்தால்தான். அதற்கு முந்தின வருசம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு, காலபோக விளைச்சல் படுத்து, நகை முழுக்க அடகுக்கடையில் கிடக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரின் வளவில் மண்ணெண்ணெய்க் கான் நிறைந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எண்ணெய் நிலையத்தில் வேலை செய்கிற யோகனுக்கு யார் எவ்வளவு அடித்தார்கள் என்று தெரியும். அதை வெளியே சொன்னால் வேலை போகும்.

பெற்றோல் இல்லாததால்தான் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போக வேண்டி வந்தது. மெதுவாகப் போகிறது என்று குறைப்படுகிறவர்கள் இதற்காகவாவது அந்த வருசத்துக்கு நன்றி சொல்லலாம்.

கரண்ட் கட் துப்பு எனக்கு விளங்கேல்லை.

பக்கத்து வளவுக்காரர் இரவு ஏழரைக்குக் கத்தின சத்தம் கேட்டு ஓடி வந்ததாகச் சொல்கிறார். உடல் கம்பியோடு கிடந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பகுதிக்கு மாலை 6.40 இலிருந்து 8 மணி வரை மின்வெட்டு. நேரசூசி இரண்டாம் அத்தியாயத்தில் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பன்றிக் கம்பி வீட்டு லைனிலிருந்து இழுத்தது. லைனில் கரண்ட் இல்லையென்றால் அது வெறும் கம்பி, உடுப்புக் காயப்போடலாம்.

ஆக, பெரியவர் வேறு நேரத்தில், ஒருவேளை வேறு இடத்தில் செத்திருக்கிறார். அப்படியென்றால் ஏழரைக்குக் கத்தியது யார்?

யானை வேலியில கை பட்டுச் செத்திருக்கலாமே? அது பற்றரியில ஓடுறதெல்லோ?

நல்ல கேள்வி. யானை வேலியில் வோல்ற்றேச் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அது விட்டு விட்டு, கண் சிமிட்டும் நேரம்தான் அடிக்கும். தூக்கி எறியும், நோகும், ஆளைப் பிடித்து வைத்திருக்காது. வீட்டு லைனின் 230 அப்படியில்லை. தசை இறுகிவிடும், விட நினைத்தாலும் கை விடாது. பெரியவரின் உள்ளங்கையில் இருந்த எரிகாயம் இரண்டாவது வகை.

ஜெனரேற்றராக இருக்கலாமே என்று ஒரு மின்சார சபைக்காரர் கேட்டார். ஊரே இருட்டிக் கிடக்கிற நேரத்தில் ஜெனரேற்றர் ஓடினால் மூன்று வளவுக்குக் கேட்கும். இன்வேட்டராக இருக்கலாமே என்றும் கேட்டார். அதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

அந்த இரவு சீலனும் யோகனும் குளக்கட்டில இருந்து வெளிச்சத்தைக் கண்டவைதானே? பொலிசில சொல்லியிருந்தா அண்டைக்கே கதை முடிஞ்சிருக்கும்.

மின்வெட்டில் ஊர் முழுக்க இருட்டு, கச்சான் தோட்டப் பக்கம் மட்டும் ஒரு வெளிச்சம் அசைகிறது. இருவரும் கண்டார்கள். சொல்லப் போனால் முதல் கேள்வி, நீங்கள் இருவரும் அந்த நேரம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? காற்று வாங்கினோம் என்று சொல்லலாம். வேறு யாராவது அதைச் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். மேலே சொன்னேனே, மாதத்தில் ஒருநாள் விசாரிக்கப்படுகிற ஆள் என்று. யோகனை அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். இரண்டாவதன் கீழ் ஆணும் ஆணும் நெருங்குவது இரண்டு வருசம் வரை சிறைக்குரிய குற்றம். 1995 இல் திருத்தினார்கள், எடுத்துவிடவில்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. ஆனால் அது நிறைவேறாமலே 2024 இல் பாராளுமன்றம் கலைந்தது. என் கதையோ அதற்கும் முந்தியது. குளக்கட்டில் இருந்து கதைப்பது குற்றமில்லைதான். ஆனால் இந்தப் பிரிவு வழக்கில் வருவதைவிட வெருட்டலில்தான் கூட வருகிறது. கொலைகாரருக்கு இவர்களைப் பற்றி ஊகம் இருக்கிறது. "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ, நான் கண்டதைச் சொல்லுறன்" என்ற ஒரு வசனம் போதும்.

பெரியவரைக் கொல்ல யாருக்கு என்ன லாபம்? அவரிட்டக் காசு இல்லையே.

காணி இருக்கிறது, பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுப்பது. பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் விற்க முடியாது, தனக்குப் பிறகு யாருக்கு என்று பெர்மிட்காரர் ஒரு பெயரைப் பதிந்து வைக்கலாம். பெரியவர் பதிந்தது மகனின் பெயர். மகன் 2009 இல் காணாமல் போனவன்.

பெயரை மாற்றச் சொல்லி உறவுகள் நச்சரித்தன. மாற்றினால் மகன் செத்துவிட்டான் என்று தகப்பனே எழுதிக் கொடுத்த மாதிரி. மரணச் சான்றிதழும் எடுக்க மாட்டார், காணவில்லை என்று 2016 இலிருந்து அரசு கொடுக்கும் சான்றிதழும் எடுக்க மாட்டார். அவர் போய்விட்டால், பதியப்பட்டவர் வராதபோது, காணி உறவு வரிசைப்படி இன்னொருவருக்குப் போகும். அந்த வரிசையில் யார் யார் என்று பத்தாம் அத்தியாயத்தில் கிராம அலுவலர் விரல் விட்டு எண்ணுகிறார். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

வன்னியில துப்பறியும் கதை எண்டால் எலும்புக்கூடு வரோணுமெல்லோ?

வராது. 2023 இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது மனித எலும்புகள் வந்தது எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியில் தாய்மார் 2017 இலிருந்து காணாமல் போனவர்களின் படத்தோடு இருக்கிறார்கள். அந்த எலும்புகளுக்கு உரியவர்கள் உயிரோடு காத்திருக்கும்போது நான் அதை வைத்துப் புதிர் போட மாட்டேன். வேண்டுமென்றால் வேறு யாராவது எழுதட்டும், நான் குறை சொல்லவில்லை.

அம்மாவுக்கு முன்னால வாசிக்கலாமோ?

வாசிக்கலாம். என் அறிவுக்கு எட்டின வரை அம்மாமார்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். கொலைகாரரையும், மற்றதையும்.

குறை நினையாதேங்கோ, நீங்களும் அப்பிடியோ?

கொலையும்தான் எழுதுகிறேன். அதைப் பற்றி ஒருவரும் இப்படிக் குரலைத் தாழ்த்திக் கேட்டதில்லை.

கடைசியில ரெண்டு பேரும் சேருவினமோ? இல்லாட்டி ஒருத்தனைச் சாகடிச்சுப் போடுவியளோ?

சாகடிக்க மாட்டேன், இதை இப்போதே எழுதித் தருகிறேன். இப்படிப்பட்ட கதை என்றால் ஒருவன் கிணற்றில் விழ வேண்டும், மற்றவன் வெளிநாடு போக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அது சலித்துவிட்டது. சேருவார்களா என்றால், ஒரு வீட்டில் வாழ்வார்களா என்ற அர்த்தத்தில் கேட்கிறீர்களோ தெரியாது. அந்த வீட்டில் மனிசியும் மகளும் இருக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். கண்டறியப்பட வேண்டியதில் அதுவும் ஒன்று.

நான் கண்டுபிடிச்சிட்டன். யோகன்தானே செய்தவன்?

உங்களுக்கு முதலே சீலனுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. யோகன் ஒரு வாரத்து நாலு லீற்றரைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறான். தன் கியூஆரில் அடித்த பெற்றோல் தன் மோட்டார் சைக்கிளுக்குப் போகவில்லை. விரும்புகிற ஆளையே கணக்குப் பார்க்க வேண்டி வந்ததும் சீலன் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. ஹெல்மெட்டையும் சீனியையும் சேர்த்து வைத்த அதே மூளைதான் இப்போது இதையும் சேர்க்கிறது.

அந்த நாலு லீற்றர் எங்கே போனது என்பது பதினெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எழுதி முடித்துக் கொப்பி அடிக்கக் கொடுத்தாயிற்று. கடையில் ரோனர் முடிந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கேளுங்கோ.